வெர்னா கையாட்டிய ஜன்னல்

தெற்கு டகோட்டாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை. அதன் ஓரத்துச் சமையலறையில் சனிக்கிழமைதோறும் வெர்னா டோஸ்ட்ரூட் என்பவள் பான்கேக் சுடுவாள். சுற்றுவட்டார விவசாயிகள் குட்டி விமானங்களில் வந்திறங்கி ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவார்கள். எல்லாம் வாலடியில் சக்கரம் வைத்த பழைய வண்டிகள். பக்கத்திலிருந்து காற்றடித்தால், தரையைத் தொட்ட பிறகுதான் அதுகளுக்குக் கிறுக்குப் பிடிக்கும். ஓட்டுகிறவன் தன் முன்னால் நிற்கும் ஸ்டிக் என்ற கம்பைக் காற்றடிக்கும் பக்கமாய் விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் நேராக ஓடும்.

அந்த வசந்தத்தில் சமையலறைக்கு அகலமாய் ஒரு ஜன்னல் வைத்தார்கள். கோடைக்குள் மூன்று விமானங்கள் பம்பரமாய்ச் சுழன்று வலது இறக்கையைத் தரையில் தேய்த்தன. மூன்றாவது வெர்னாவின் புருஷன் ஆர்லினுடையது. முப்பது வருஷம் ஓட்டியவன், பாவம், இடிந்துபோனான். "கண்ணும் போச்சு, காலும் போச்சு. சரிபண்ணி வித்துடறேன்," என்றான். வாங்குகிற ஆளும் கிடைத்துவிட்டான்.

"காத்துதான்," என்றது ஊர். அதென்ன காத்து, சனிக்கிழமை மட்டும்? செவ்வாய்க்கிழமை பேய்க்காற்றில் ஒருவனும் சுழலவில்லையே! வெர்னாவுக்கு மண்டை குடைந்தது. ஓடுபாதையில் நடந்து டயர் தடங்களைப் பார்த்தாள். மூன்றும் அவள் ஜன்னலுக்கு நேரேதான் வளைந்திருந்தன.

"அந்த நேரத்துல என்னதான் பண்ணின?" என்று ஆர்லினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணலடி. ஸ்டிக்க காத்துப் பக்கமா அழுத்திப் பிடிச்சிருந்தேன். நீ கையாட்டின. நானும் ஆட்டினேன்."

"எந்தக் கையால?"

"இதாலதான்," என்று ஸ்டிக் பிடிக்கிற வலது கையைக் காட்டிவிட்டு, அவன் பாட்டுக்கு சூப் குடித்தான்.

வெர்னா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்; சனிக்கிழமை இறங்குகிற எல்லாருக்கும் அங்கிருந்துதான் அவள் கையாட்டுவாள். அந்த ஊரில் கையாட்டினால் பதிலுக்கு ஆட்டாமல் போகிறவன் மனுஷனே இல்லை. ஆனால் வாயால் சொன்னால் இந்தப் பிடிவாதக்காரன் நம்புவானா?

விமானத்தைச் சரிபண்ணி முடித்ததும் ஒரு சனிக்கிழமை, அதை வாங்குகிறவனுக்கு ஓட்டிக் காட்ட ஆர்லின் கிளம்பினான். மேற்குக் காற்று சீறியது. அவன் இறங்கும்போது வெர்னா இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். விமானம் ஜன்னலைத் தாண்டி நேராக ஓடி நின்றது.

ஆர்லின் முகம் சிவந்து உள்ளே வந்தான். "எல்லார் முன்னாடியும் மூஞ்சிய திருப்பிக்கிட்டியே! என்னடி கோபம்?"

"கோபமா? நான் கையாட்டினா நீ ஸ்டிக்க விட்டுடறடா, மடையா! உன் கண்ணும் காலும் நல்லாத்தான் இருக்கு. உன்னக் கவுத்தது நான்தான்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆர்லின் தன் வலது கையையே பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தான். "அந்த ஆள்கிட்ட விக்கலன்னு நீயே சொல்லிடு. நான் போனா அழுதுடுவேன்."

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே காத்திருந்தவனைப் பார்த்துக் கையாட்டி, பான்கேக் சாப்பிட உள்ளே வரச் சொன்னாள்.