ஸ்டீல் என்று நான் சொன்னது

தங்கமாயன் அண்ணன் இறந்த செய்தி எனக்குக் காலை ஆறரைக்கு வந்தது. சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி பேச்சியம்மாள் மதினிதான் பேசினார். "அண்ணே போயிட்டாகத்தா" என்றார். அந்த நேரத்தில் அண்ணன் எப்போதும் கால்வாய்க் கரைக்குப் போகிறவர். அதனால், "சரி மதினி, வந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க" என்றேன். "இல்லத்தா, போயிட்டாக" என்று அதே சொல்லை மறுபடியும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. ஐம்பத்தொன்பது வயது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

நான்கு நாள் கழித்து எங்கள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கடமை தவறாதவர், நேர்மையானவர் என்று பேசினார்கள். ஒருவர் மட்டும், "என்ன இருந்தாலும் அந்தச் சைக்கிள் கிறுக்கு இல்லாம இருந்திருந்தா மனுசன் கடைசி வரைக்கும் கரையிலயே இருந்திருப்பாரு" என்றார். சிலர் தலையாட்டினார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. எழுந்து பேசவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது, எழுதத்தான் வரும். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நான் கம்பத்தில் உள்ள அந்தப் பாசன அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து சைக்கிளில் வந்து போகிறேன். அவர் அங்கே லஸ்கர். கால்வாய்க் கரை நெடுகப் போய், எங்காவது கசிகிறதா, மடை சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கடைசி மடையில் தண்ணீர் மட்டத்தை அளந்து, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அவர் பொறுப்பில் பதினோரு கிலோமீட்டர் கரை இருந்தது.

மற்ற லஸ்கர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் போவார்கள். இவர் மட்டும் அந்தக் காலத்து பாதிச் செயின் மூடி போட்ட கறுப்புச் சைக்கிளில் போவார். "ஏண்ணே, உங்களுக்கு மட்டும் பெட்ரோல் பிடிக்காதா?" என்று ஒரு நாள் கிண்டல் செய்தேன். "வா, காட்டுறேன்" என்று என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் சட்டென்று காலை ஊன்றி நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையின் வெளிச்சரிவில் இறங்கிப் புல்லை விலக்கினார். நண்டு வளை ஒன்றிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "வண்டிச் சத்தத்துல இது கேக்காதுத்தா. இன்னைக்கு இம்புட்டு. நாளைக்கு இங்கன கரையே இருக்காது" என்றார். களிமண்ணை மிதித்து அடைத்துவிட்டு, கையைக் கால்வாயிலேயே கழுவிக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு இடது கண்ணில் பார்வை போனது. கண்ணில் அழுத்தம் இருந்திருக்கிறது, கவனிக்காமல் விட்டிருக்கிறார். மதுரையில் பார்த்த டாக்டர், மோட்டார் வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரை கரை சேறாகும் மழை நாட்களில் மட்டும் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துவந்தார். அப்போது இருந்த அதிகாரிக்கு அது தோதாகப் போயிற்று. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், காகிதத்தை நம்புகிறவர். "சைக்கிளை வச்சு மழைக்காலத்துல எப்படிப் பாப்பீங்க? ஆபீஸ்ல தபால் பிரிவுக்கு வந்துருங்க" என்றார். அண்ணன் கேட்கவில்லை. கடைசியில் அதிகாரி ஒரு நிபந்தனையோடு விட்டார்: மழையோ வெயிலோ, தினமும் ஒன்பது மணிக்குக் கடைசி மடையில் பதிவு விழ வேண்டும். அவருடைய தாமதத்தால் ஏதாவது சேதம் என்று ஒரு புகார் வந்தாலும் மறுநாளே தபால் பிரிவு. அறையை விட்டு வெளியே வந்தவர் என் மேசைக்கு வந்து, "ஏத்தா, சைக்கிளப் பத்தி உனக்குத்தே தெரியும். சேத்துல நிக்காத சைக்கிளு ஒண்ணு சொல்லு" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதில் எனக்கே கொஞ்சம் திமிர் உண்டு. என்னிடம் இருந்த அலுமினிய கியர் சைக்கிளைத்தான் முதலில் கரைக்குக் கொண்டுபோனோம். முந்தின நாள் மழை. அரைக் கிலோமீட்டர் போவதற்குள் களிமண் டயரில் அப்பி, பின்பக்கம் ஃபிரேமில் இறுகி, சக்கரம் சுற்றவே இல்லை. அண்ணன் குச்சியால் நோண்டிக்கொண்டே, "இதுக்குள்ள என் வெரலே போகலியே, மண்ணு எப்புடித்தா வெளிய போகும்?" என்றார். அந்தக் கேள்விதான் அளவாயிற்று. அகல டயர் போட வேண்டும். போட்ட பிறகும் பக்கத்துக்கு ஒரு விரல், மேலே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். மட்கார்டு போட்டாலும் அந்த இடம் குறையக் கூடாது. பின்னால் மண்வெட்டி கட்டக் கேரியர் வேண்டும். அதே சைக்கிளில் தார் ரோட்டில் கம்பம் வரைக்கும் அலுப்பில்லாமல் வர வேண்டும். உடைந்தால் ஊரிலேயே பற்றவைக்க முடிய வேண்டும். அலுமினியத்தை இங்கே யாரும் பற்றவைக்க மாட்டார்கள். ஆக, ஸ்டீல் என்று முடிவு செய்தேன்.

கடையில் கிடைத்த எதிலும் அந்த இரண்டு விரல் இடம் இல்லை. கோவையில் ஸ்டீல் குழாயில் ஃபிரேம் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையை நான்தான் தேடிப் பிடித்தேன். நான்தான் பேசினேன். ஃபிரேம் தயாரான அன்று அந்தப் பட்டறைக்காரர் போனில், "குழாய்க்கு உள்பக்கம் துரு எண்ணெய் ஊத்தித் தரட்டுமா? காய நாலு நாள் ஆகும்" என்று கேட்டார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "ஸ்டீல்தானே, துருப்பிடிக்க என்ன இருக்கு? உடனே அனுப்புங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன், "என்னத்தா சொல்றாக?" என்றார். "துருவாம்ணே. ஸ்டீல் எங்கயாவது துருப்பிடிக்குமா? உங்க வீட்டு ஸ்டீல் குடம் துருப்பிடிக்குதா?" என்றேன். "அதுஞ்சரிதே" என்று சிரித்தார்.

நம் ஊரில் துருப்பிடித்தால் அது இரும்பு, துருப்பிடிக்காவிட்டால் அது ஸ்டீல். அடுப்படியில் கற்றுக்கொண்ட சொல் அது. சைக்கிள் ஃபிரேமில் ஸ்டீல் என்பது வெறும் இரும்புக் குழாய்தான், குடத்தின் ஸ்டீல் வேறு ஜாதி என்பது எனக்குத் தெரியவில்லை. படித்தவள், படம் போடுகிறவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்று மழைக்காலம் அந்தச் சைக்கிள் நிற்கவில்லை. சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஒன்பது மணிக்குப் பதிவு விழுந்தது. ஒரு முறை அதிகாரியின் ஜீப்பே கரையில் புதைந்து நின்றது. அண்ணன் அவரைக் கேரியரில் உட்காரவைத்து ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "சார் மண்வெட்டியவிட கனம் கம்மிதே" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். அணையில் தண்ணீர் திறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் மிதித்துப் போனோம். வழியெல்லாம் அவர் சைக்கிளைப் பற்றியே பேசினார். "எனக்கு ஒரு கண்ணு போச்சு, அதுக்குப் பதிலா இத வாங்கிக் குடுத்துருக்கத்தா" என்றார். அவர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காவது வருடம் கார்த்திகையில், நல்ல மழையில், நாலாவது கிலோமீட்டரில் பெடலுக்கு மேலே குழாய் முறிந்தது. சீட்டுக் குழாய் வழியாக இறங்கிய தண்ணீர் அடியில் தங்கித் தங்கி, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியே பெயிண்ட் புதிதாகவே இருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மீதி ஏழு கிலோமீட்டரையும் சேற்றில் நடந்திருக்கிறார். போன் நனைந்து அணைந்துவிட்டது. ஒன்பதாவது கிலோமீட்டரில் நண்டு வளை பெரிதாகி, ஒருவருடைய நாற்றங்காலுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. எட்டரைக்கு அங்கே இருந்திருந்தால் ஒரு கூடை மண்ணில் முடிந்திருக்கும். அதை அடைத்துவிட்டுக் கடைசி மடைக்குப் போய், பதிவேட்டில் 11.10 என்று எழுதிவிட்டு வந்தார்.

நாற்றங்கால்காரர் புகார் கொடுப்பார் என்பது தெரிந்ததுதான். நான் அண்ணனிடம் சண்டையே போட்டேன். "ஒன்பதுன்னு மாத்தி எழுதுங்கண்ணே. நீங்க பாத்துட்டுப் போன பெறகு கசிஞ்சதுன்னு இருக்கட்டும். யாரு பாத்தா?"

"பதினொண்ணு பத்துக்கு அளந்த தண்ணிய ஒம்பதுன்னு எழுதுனா, இத வச்சுக் கீழ மடையத் தொறக்குறவக என்னத்தா செய்வாக?"

"அப்ப உங்களுக்குக் கரை வேலை போயிருமேண்ணே!"

"போகட்டும்த்தா. அளவு அளவுதே."

மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றே வரி. அது கோப்புக்குப் போகும் முன் நான் வாசித்தேன். சைக்கிள் முறிந்ததால் தாமதம் ஆயிற்று என்பது முதல் வரி. நாற்றங்கால் சேதத்துக்குத் தாம் பொறுப்பு என்பது இரண்டாவது. மேற்படி சைக்கிளைத் தாமே பார்த்து, தகுதி அறிந்து வாங்கியதாக மூன்றாவது. நான் தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். அடுத்த வாரம் அவர் தபால் பிரிவுக்கு வந்தார், என் எதிர் மேசைக்கு.

சைக்கிளைப் பற்றவைக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். உள்ளூர்ப் பட்டறைக்காரர் குழாயைத் தட்டினார். செம்மண் மாதிரி துரு கொட்டியது. "உள்ளுக்குள்ள எண்ணெ ஊத்தலியா? இது இரும்புல்ல!" என்றார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி வரும்போது, "குடத்தத் தெனமும் வெளக்குறோம்ல, அதுனாலதே அது துருப்பிடிக்கல. நாந்தே இத வெளக்காம விட்டுட்டேன்" என்றார். அப்படி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பதினேழு மாதம் அவர் தபால் பிரிவில் இருந்தார். மழை பெய்தால் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார். தினமும் விடிந்ததும், எந்தப் பதிவேடும் இல்லாமல், ஒட்டுப்போட்ட சைக்கிளில் கரைக்குப் போய் வந்தார். கசிவு கண்டால் புது லஸ்கருக்குப் போன் செய்வார். "யாரு கேட்டாக உங்கள?" என்று மதினி வைவார். சொல்லிவிட வேண்டும் என்று நான் பல நாள் நினைத்தேன். அதிகாரி அறை என் மேசையிலிருந்து பத்தடி. உள்ளே போய், அந்த மூன்றாவது வரி சரியில்லை சார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். என் பெயர் கெடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பிறகு மாற்றலாகி அந்த அதிகாரியும் போய்விட்டார்.

தண்ணீர் அளவில் ஒரு எண்ணை மாற்றி எழுத மறுத்த மனிதர், தம் வேலைக்காலம் முழுவதிலும் எழுதிய ஒரே பொய் அந்த மூன்றாவது வரி. அதை எனக்காக எழுதினார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆகவே திருத்துகிறேன்: சைக்கிளைத் தேர்ந்தெடுத்தது நான். எண்ணெய் வேண்டாம் என்றதும் நான். தங்கமாயன் என் பேச்சை நம்பினார்.