அசையாமல் நின்ற மீன்கொத்தி

என் தாய்மாமனுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி மீன்கொத்தியின் வெள்ளை நெஞ்சுதான். மலாயாவில் சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஈப்போவில் படக்கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தௌக்கே, பழைய கேமரா ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு, கடைச் சன்னலில் வைக்கிற மாதிரி ஒரு பறவைப் படம் எடுத்து வந்தால் படம் கழுவும் இருட்டறை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் அடிபட்ட நேரம் அது. மாமாவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடமில்லை.

கால்வாய் ஓரம் நட்டிருந்த ஒரு குச்சியில் தினமும் காலையில் மீன்கொத்தி வந்து உட்காரும். பின்னால் ரப்பர் மரங்களின் இருட்டு. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் அந்த இருட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறைய வெளிச்சம் விடச் சொல்லும். விட்டால் போச்சு, நெஞ்சு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும், ஓர் இறகு தெரியாது. மீட்டர் சொல்வதில் இரண்டு படி குறைக்க வேண்டும் என்பதை மாமா பல படச்சுருள்களைப் பாழாக்கித் தானே கண்டுபிடித்தார். இலைகளுக்கிடையில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்ததால் லென்ஸ் வளையத்தை முன்கூட்டியே திருப்பி வைக்கவும் வழியில்லை. அவர் அளந்து, கணக்குப் போட்டு, வளையத்தைத் திருப்புவதற்குள் குச்சி காலியாகிவிடும்.

"ஒரு நிமிசம் நின்னா போதும்லா, அக்கா. ஒரே நிமிசம்" என்று அம்மாவிடம் புலம்புவார்.

"அதுகிட்டப் போயி கேளு. எனக்குச் சோறு வடிக்கணும்" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது, மதியப் பள்ளி. மாமா என்றால் உயிர். பலாப்பாலில் எண்ணெய் விட்டுக் காய்ச்சினால் வரும் பிசினைக் கிளையில் தடவி மைனா பிடிப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவந்த வித்தை. பெரியவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், மாமா வருவதற்கு முன்பே போய், குச்சியின் நுனியில் தாராளமாகத் தடவிவிட்டு வந்தேன்.

மீன்கொத்தி வந்தது, உட்கார்ந்தது, நின்றது. மாமா மூச்சை அடக்கிக்கொண்டு அளந்தார், திருப்பினார், எடுத்தார். மறுபடி அளந்து மறுபடி எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆறு படம் முடிந்து எழுந்து நின்றபோதுதான் பறவை பறக்கப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கியது.

"என்னா புள்ள செஞ்ச?"

"நீங்கதான மாமா நிக்கணும்னு சொன்னீங்க?"

அவர் அடிக்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக விடுவித்தார். அதற்குள் அது அடித்துக்கொண்டதில் ஒரு சிறகு ஒடிந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துப்போனது. மாமா சாப்பிடவில்லை.

ஆனால் சுருளைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் என்னையும் பஸ்ஸில் ஈப்போவுக்குக் கூட்டிப்போய், தௌக்கேயின் இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கினார். நெஞ்சில் இறகு இறகாகத் தெரிந்தது. கால் விரலுக்கும் குச்சிக்கும் நடுவே நூலாய் இழுபட்ட பிசினும் தெரிந்தது. மாமா ஓர் அட்டையில் சிறு ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கால்கள்மேல் மட்டும் கூடுதல் வெளிச்சத்தை விழவைத்தார். வெளிச்சம் விழ விழ, தாளில் அந்த இடம் கறுக்கும். நான்தான் முப்பது வரை சத்தமாக எண்ணினேன். மருந்துத் தண்ணீரில் படம் மேலெழும்பியபோது கால்கள் நிழலுக்குள் போயிருந்தன.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சிய தௌக்கே அன்றே வேலை கொடுத்தார். கையோடு, மாதம் ஒரு புதுப் பறவை சன்னலுக்கு வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் மாமா ஊருக்கு வந்தார். அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்து முடித்து, வெகுநேரம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அந்தப் பிசின் இன்னும் இருக்கா?"

"புதுசாவே காய்ச்சித் தாரேன் மாமா!"

அந்த வருடம் எட்டுப் பறவைகள். எட்டுக்கும் பிசின் காய்ச்சியது நான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இன்று நினைத்தால் கோபம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று எனக்கு இருந்ததெல்லாம் பெருமை. பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் வந்து உதவி கேட்கிறார். கேட்கும்போது அவர் ஏன் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.