வெள்ளிக்கிழமை நான்கே கால் மணிக்குப் பேசிய மல்லிகா டீச்சர்

மல்லிகா டீச்சர் இறந்துவிட்டார். புதன்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில். மாரடைப்பு என்கிறார்கள்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். பதினொரு குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. குழந்தைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் அவரிடம் படித்தவனில்லை. என் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை. ஆனாலும் மனைவி போன பிறகு, இந்த இரண்டு வருடத்தில், வாரம் தவறாமல் என் வீட்டில் கேட்ட குரல் அவருடையது ஒன்றுதான்.

நடந்தது இது. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் சுற்றி வந்து என்னிடமும் நின்றது. பழக்கதோஷம்... பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே டீச்சர் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்துவிட்டார்.

தவறு என்று எனக்கு உடனே தெரிந்தது. சொல்லிவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்தது, முதல் வாய்ஸ் நோட்டும் வந்தது. அப்புறம் வெளியேற மனம் வரவில்லை.

நான்கே கால் மணி. நாலு நிமிடம். அந்த வாரம் பள்ளியில் நடந்தது, வீடுகளுக்குச் சொல்ல வேண்டியது. பதினொரு பேரின் பெயரும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விஷயம்.

"திங்கக்கிழமை பல் டாக்டர் வர்றாங்க, யாரும் லீவு போட்டுறாதீங்க... துர்கா இந்த வாரம் பெருசா ஒண்ணும் பண்ணல. ஜன்னல்கிட்ட உக்காந்து மழையப் பாத்துக்கிட்டிருந்தா. நானும் ஒண்ணும் சொல்லல... ஹரிஷ் ஏழாம் வாய்ப்பாடு தடுக்காம சொல்லிட்டான்."

முப்பது வருடத்துக்கு மேல் செய்தி எழுதியவன் நான். ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஒரு நாளும் எழுதியதில்லை.

துபாயில் இருக்கும் ஹரிஷின் அப்பா ஒரு முறை பதில் போட்டார். "டீச்சர், நம்ம பய பேரு எப்பவும் கடைசியாவே வருது. இங்க டூட்டி பஸ் வந்து நிக்குது."

டீச்சர் விடவில்லை. "அகர வரிசைங்க. பேரு வைக்கும்போதே யோசிச்சிருக்கணும்."

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

போன குறுவை அறுவடையில் மழை. கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்துவிட்டது என்று போயிருந்தேன். ஈர நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒருவரிடம் எத்தனை மூட்டை என்று கேட்டேன்.

"செத்த இருங்க சார், டீச்சர் பேசுறாங்க."

சட்டைப் பையில் போன். அதே குரல். என் பையிலும் அதே வாய்ஸ் நோட் வந்திருந்தது. அவர் பிரவீனின் அப்பா என்பது எனக்குத் தெரியாது... ஏழாவது பெயரில் அவர் முகம் மாறியபோதுதான் தெரிந்தது.

"ம்... இப்பக் கேளுங்க சார்."

நானும் அந்தக் குரூப்பில் இருப்பதைச் சொல்லவில்லை. மூட்டைக் கணக்கை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடத்தில் நான் போட்ட செய்தி ஒன்றே ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை பத்துப் பெயர்தான் வந்தது. இரண்டாம் முறையும் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன்: "டீச்சர், அஸ்லம் பெயர் வரவில்லை."

ஒரு நிமிடத்தில் அஸ்லமுக்கு மட்டும் தனியாக ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அடுத்து என் போன் அடித்தது.

"சார், அஸ்லமுக்கு நீங்க என்ன உறவு?"

"உறவு இல்லீங்க. அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்த ரிப்போர்ட்டர். என்னை எடுத்துருங்க."

"இத்தனை நாளும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"நான் மட்டும்தாங்க."

போனில் அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை, "டீச்சர் இவன் கிள்றான் டீச்சர்" என்றது.

"சரி, இருங்க சார். நான் யாரு பேரையாவது விட்டா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல. ஆனா பேப்பர்ல மட்டும் போட்டுறாதீங்க."

பேப்பரில் போடவில்லை. அவரைப் பற்றி எங்கும் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நேற்று அடக்கம். பள்ளி வாசலிலிருந்து வேன் என்று குரூப்பில் வந்தது. துர்கா அம்மா, பிரவீன் அப்பா என்று ஒவ்வொருவராகப் பெயர் போட்டார்கள். நான் பஸ்ஸில் போனேன்.

பந்தலில் குழந்தைகள் யூனிபார்மோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு முதல் பல் விழுந்தது, யாருக்கு வாய்ப்பாடு வரும், யார் மழை பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். எந்த முகம் யாருடையது என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கேட்டார். "நீங்க எந்தப் பிள்ளையோட வீடுங்க?"

"டீச்சரைத் தெரியும்மா."

"அவங்களைத் தெரியாதவங்க யாரு..." என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

இன்று காலை இன்னொரு ஆசிரியர் குரூப்பில் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையோடு இது மூடப்படும், புதிய குரூப்பில் பெற்றோர் மட்டும், பிள்ளையின் பெயரோடு நம்பர் அனுப்பவும். சரியான விதிதான். குழந்தைகளைப் பற்றிய விஷயங்கள் வேறு யாருக்கும் போகக்கூடாது.

வரிசையாக நம்பர்கள் வந்துகொண்டிருக்கின்றன. நான் அனுப்பவில்லை.

மல்லிகா டீச்சர்... தெரியாமல் சேர்த்ததற்கும், தெரிந்த பிறகு எடுக்காமல் விட்டதற்கும் நன்றி.

வணக்கம் டீச்சர்.