கருவேலி நாட்டுக்குக் கரண்டு வந்த கதை

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் டைப் அடிக்கிறேன். பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை கூட்டம் இருக்காது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் இரண்டு நாடுகளை உருவாக்கினேன்.

ஒன்று நீலமலை நாடு. அங்கே ஒளிக்கல் என்று ஒரு கல் கிடைக்கும். அதை வைத்து விளக்கு எரியும், வண்டி ஓடும், ஆகாயத்தில் கப்பல் போகும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும். இன்னொன்று கருவேலி நாடு. அங்கே முள்ளும் வெயிலும் உப்புத்தண்ணீரும்தான். கரி மூட்டம் போட்டுப் பிழைப்பார்கள். சேதி சொல்ல ஓலை அனுப்புவார்கள். இரண்டு நாட்டுக்கும் ஆகாது. கதைகளைத் தொடராகப் போடுகிற ஒரு செயலியில் வாரம் ஒரு அத்தியாயம் போட்டேன். ஆரம்பத்தில் நாற்பது பேர் படித்தார்கள், பிறகு சில ஆயிரம் பேர்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். தேவிபட்டினம் பக்கம் வேலை. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். நான் கதை எழுதுவது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஏதோ எழுதுறா" என்பார். நான் கேட்டால், "நல்லாருக்கு" என்பார். எந்த அத்தியாயம் நல்லாருக்கு என்று நான் கேட்டதில்லை. சாம்பாருக்கும் அதே சொல்தான்.

இருபதாவது அத்தியாயம் வாக்கில் ஒரு வாசகர் வந்து சேர்ந்தார். 'கருவேலிக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார், படம் எதுவும் இல்லை. அவருடைய முதல் கருத்து இது:

"நீலமலைக்காரன் செல்போன் வச்சிருக்கான். கருவேலிக்காரன் ஓலை அனுப்புறான். ரெண்டு நாட்டு எல்லையில வாரச்சந்தை நடக்குதுன்னு மூணாவது அத்தியாயத்துல நீங்களே எழுதிருக்கீங்க. இத்தன வருசத்துல அந்தச் சந்தையில ஒரு செல்போன் கூடவா கைமாறல?"

நான் அதை மூன்று தடவை படித்தேன். அன்றைக்கு ஒரு மனுவில் 'வட்டாட்சியர்' என்பதற்குப் பதிலாக 'வாட்டாட்சியர்' என்று அடித்துவிட்டேன்.

அவர் கேட்டது சரி. கடலுக்கு அந்தப் பக்கத்துச் சோப்பும் சேலையும் இந்தக் கரையில் புழங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கே அது தோன்றவில்லை. அடுத்த வாரம் கருவேலிக்கு நான்கு திருட்டுச் செல்போன்களை அனுப்பி வைத்தேன். கருவேலிக்காரன் உடனே கேட்டார்: "சரி. சார்ஜ் எதுல போடுவாங்க?"

அதோடு விடவில்லை. ஒவ்வொரு வாரமும் வந்தார். ஆகாயக் கப்பல் விடத் தெரிந்தவர்களுக்கு ஐஸ் கட்டி செய்யத் தெரியவில்லையே, கடற்கரை நாட்டில் மீனை என்ன செய்கிறார்கள் என்றார். வாள் செய்ய நல்ல இரும்பு கருவேலியின் கரி அடுப்பில்தான் உருகும், அதை ஏன் அவர்கள் விற்கவில்லை என்றார். நீலமலைக்கு ரசிகர்கள் அதிகம். அவர்கள் எல்லாரும் சேர்ந்து இவரைத் திட்டினார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை அத்தியாயத்தைப் போட்டதும் முதலில் அவர் பெயரைத்தான் தேடுவேன்.

நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தில் கருவேலி நாயகன் ஒரு கோபுரத்தில் ஏறி நீலமலையின் ஒளிக்கம்பியை அறுக்கிறான். மழை, மின்னல், பின்னால் எதிரிப்படை. மூன்று நாள் பாடுபட்டு எழுதியது. நூறு பேருக்கு மேல் அருமை என்றார்கள். கருவேலிக்காரன் எழுதினார்:

"எல்.சி. வாங்காம மேல ஏறிட்டான். செத்துருவான். அதோட அது கடற்கரைக் கோபுரம். உப்புக்காத்துல, கம்பியத் தாங்குற பீங்கான் மேல உப்புப் படிஞ்சிருக்கும். மழை வேற பெய்யுது. கம்பிய அவன் தொடவே வேணாம், பக்கத்துல போனாலே போதும்."

லைனில் வேலை செய்கிறவர்கள், கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று வாங்கும் அனுமதிக்குத்தான் எல்.சி. என்று பெயர். எங்கள் வீட்டில் அது உப்பு, புளி மாதிரி புழங்குகிற சொல். காலை இட்லி சாப்பிடும்போதே போனில், "எல்.சி. குடுத்தாச்சா? குடுக்காம ஏறாதீக" என்று அவர் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

லைன்மேன் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் தீரவில்லை. அதனால் அடுத்த அத்தியாயத்தை வியாழக்கிழமை போடாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் நின்றபடி போட்டேன். கூடத்தில் அவர் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். கை கழுவினார்.

"டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று மாடிக்குப் போனார்.

பத்து நிமிடம் கழித்துக் கருவேலிக்காரனின் கருத்து வந்தது. ஒரு நிமிடம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார்.

"தண்ணி இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

முதலில் கோபம்தான் வந்தது. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊர் பார்க்க என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும்போது நாற்பத்துமூன்று அத்தியாயத்தையும் ஒன்று விடாமல் படித்திருக்கிறார் என்பது உறைத்தது. என் சொந்த அக்கா கூட ஐந்தாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள்.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அத்தியாயங்களின் அடியில், 'வாசகர்களுக்கு ஒரு கேள்வி' என்று போட ஆரம்பித்தேன். கருவேலிக்கு மின்சாரம் எப்படி வரும்? முதலில் எதற்குக் கொடுக்க வேண்டும்? கருவேலிக்காரன் பக்கம் பக்கமாக எழுதினார். காற்றாலை போடலாம், ஆனால் உப்புக்காற்றில் இரும்பு தாங்காது. கரி இருக்கிறது, கொதிகலன் வைக்கலாம். முதல் லைன் அரண்மனைக்கு இழுக்கக் கூடாது, ஐஸ் ஃபேக்டரிக்கு இழுக்க வேண்டும். இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு. தெருவிளக்கு அப்புறம். நான் அப்படியே எழுதினேன்.

வீட்டில் நாங்கள் வழக்கம் போலத்தான் பேசினோம். கேஸ் புக் பண்ணியாச்சா, திருவாடானையில் என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, இப்படி. ஒருநாள் நீலமலை ரசிகர் ஒருவர் கருவேலிக்காரனை முட்டாள் என்று எழுதிவிட்டார். அன்றைக்கு இவர் சோறு வேண்டாம் என்றார்.

"ஏங்க, மேலுக்குச் சரியில்லையா?"

"வெயிலு."

மறுநாள் கதாசிரியர் என்ற முறையில், எல்லா வாசகரும் எனக்கு முக்கியம், மரியாதையாகப் பேசுங்கள் என்று பொதுவாக ஒரு அறிவிப்புப் போட்டேன். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அவரைக் குளிர வைக்கலாம் என்று நினைத்து ஒரு தப்புச் செய்தேன். ஐந்தே அத்தியாயத்தில் கருவேலிக்குப் பீரங்கி, ரயில், ராக்கெட் எல்லாம் கொடுத்துவிட்டேன். கருவேலிக்காரன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், இதுவரை எழுதாத அளவுக்குக் கோபமாக எழுதினார்: "இது ஏமாத்து. ஒரு கம்பம் நடணும்னா குழி தோண்ட ஆள் வேணும். கம்பி இழுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அவனுக்குச் சொல்லிக்குடுக்க ஒருத்தன் வேணும். உங்க கருவேலி நாட்டுல ஒரு பள்ளிக்கூடம் கூட இல்ல. ராக்கெட்ட யாரு விட்டது?"

அந்த வாரம்தான் அவர் விழுந்தார். கம்பத்திலிருந்து இல்லை. பதினெட்டு வருஷமாகக் கம்பம் ஏறுகிற மனிதர், வீட்டுக்கு வரும் வழியில் ரோட்டைக் கடந்த ஒரு வெள்ளாட்டுக்காகப் பிரேக் பிடித்து வண்டியோடு சரிந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. சட்டைப்பையில் இருந்த போன் தூளாகிவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். செயலியில், எங்கே கருவேலிக்காரன், தோற்று ஓடிவிட்டாரா என்று நீலமலைக்காரர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நான்காம் நாள் காலை, கஞ்சி குடித்து முடித்ததும் கேட்டார்:

"ஒம் போன கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"சும்மாதேன்."

நான் டம்ளரைக் கழுவி வைத்தேன். பிறகு சொன்னேன், "கருவேலியில பள்ளிக்கூடம் கட்டிட்டேன்."

அவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரும் ஃபேனைப் பார்த்தார்.

"எத்தன?" என்றார் கடைசியில்.

"ஒன்னு."

"ஒன்னு பத்தாது."

பிறகு அவரே கேட்டார், "எப்பருந்து தெரியும்?"

"டேங்க் தண்ணி பாக்கப் போனீகள்ல, அன்னைக்கி."

"நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தேன் கேள்வி கேட்டியாக்கும்."

"நேர்லயே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு வேற பேர்ல வந்தீக?"

அவர் யோசித்தார். "கல்யாணம் ஆன புதுசுல ஒரு கத காட்டுனியே, ஞாபகம் இருக்கா? கெணத்துல மோட்டார் ஓடுறது தப்பா எழுதிருக்கன்னு சொன்னேன். அழுதுட்டுப் பேப்பரக் கிழிச்சுப் போட்ட. அப்பறம் நாலு வருசம் எழுதல. வீட்டுல சொன்னா அழுகுற. அங்கன சொன்னாப் பதில் சொல்ற."

கிழித்தது ஞாபகம் இருந்தது. எதற்காகக் கிழித்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதை மெய்யாக்கக் கூடாதே என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். காலையில் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். கதை முடிவில் எங்களுக்குச் சண்டை வந்தது. நான் பெரிய போர் வைக்க நினைத்தேன். வாசகர்கள் ஒரு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

"ரெண்டு நாட்டுக்கும் சேத்து ஒரே லைனா இழுத்துரு" என்றார் அவர். "ஒருத்தன் ஆஃப் பண்ணா ரெண்டு பேருக்கும் போயிரும். எவனும் கை வைக்க மாட்டான்."

"அப்ப சண்டையே இல்லாம கதைய முடிக்கச் சொல்றீக."

"சண்ட போட்டா கம்பியெல்லாம் அறுந்து தொங்கும். அத யாரு போய்க் கட்டுறது?"

நான் போரை எழுதினேன். இரண்டு அத்தியாயம் வந்தது. புதுப் போன் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அதற்குக் கருவேலிக்காரன் பெயரில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கடைசி அத்தியாயத்தில் போர் ஓய்ந்த மறுநாள் காலை எல்லையில் அறுந்து கிடக்கும் லைனைக் கட்ட இரண்டு நாட்டு ஆட்களும் வருகிறார்கள். நீலமலை ஆளிடம் ஏணி இல்லை, கருவேலி ஆளிடம் கையுறை இல்லை; ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். கட்டி முடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் போகிறார்கள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வாரம் காத்திருந்தோம் என்று நிறையப் பேர் திட்டினார்கள். கருவேலிக்காரன் ஒன்றும் எழுதவில்லை. வீட்டில், "எல்.சி. வாங்கிட்டு ஏறுறானுக. அது போதும்" என்றார்.

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் இனிமேல் கம்பம் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பதும், யார் மேலே இருக்கிறார்கள் என்று குறித்து வைப்பதும்தான் இப்போது வேலை.

போன மாதம் தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்லாக நிற்கும் நவபாஷாணச் சாமிக்கு வேண்டுதல் செலுத்த நாங்கள் போயிருந்தோம். திரும்பும்போது ரோட்டோரம் ஒருவர் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். இவர் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அங்கனருந்து பாத்தா கடல் முழுசும் தெரியும்" என்றார். "ஒம்பது கல்லும் தண்ணிக்குள்ள கறுப்பாத் தெரியும். சாமி கும்புடுற ஆளுக தல மட்டும் தெரியும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாக்கணும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கம்பத்துக்கு மேலே என்ன தெரியும் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

"இத எழுதிக்கவா?" என்றேன்.

"எழுது" என்று வண்டியைக் கிளப்பினார். "அந்த லைன் எத்தன வோல்ட்டுன்னு மட்டும் என்கிட்ட கேட்டுட்டு எழுது."