தேயாத பென்சில்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, காப்பார் என்ற ஊரில் ஒரு வீட்டு ஹாலில் நடந்தது இது. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டுக்கு நான் பாராட்டு வாங்கத்தான் போனேன். கையில் ஒரு பெரிய பையும் மனசு நிறையப் பெருமையுமாகப் போனவள், திரும்பும்போது காரில் ரேடியோகூடப் போடாமல் கிள்ளான் வந்து சேர்ந்தேன்.

போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் எனக்குக் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா மாதிரி. பகலெல்லாம் கன்டெய்னர்களோடு மல்லுக்கட்டுபவளுக்கு வீட்டில் தையல்தான் ஆறுதல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்து குவில்ட் தைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, படத்தின் கோடுகளையே தையலாக ஓட்டிவிடுவேன். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல் ஓடி முடித்ததும் பிள்ளைகளின் கலரிங் புத்தகம் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை. கலர் பென்சிலால் நிறம் தீட்டி, அதன் மேல் டெக்ஸ்டைல் மீடியம் என்று பால் போல இருக்கும் ஒன்றைச் சின்னத் தூரிகையால் பூசி, காய்ந்ததும் இஸ்திரி போட வேண்டும். மீடியம் பூசும்வரை அது வெறும் பென்சில். தப்பாகப் போனால் அழித்துக்கொள்ளலாம். பூசிவிட்டால் நிறம் எடுப்பாக ஏறி உட்கார்ந்துவிடும், அப்புறம் துவைத்தாலும் போகாது.

இப்படிச் செய்த குஷன் ஒன்றை ஆபீஸ் நாற்காலியில் போட்டிருந்தேன். எங்களுக்கு கன்டெய்னர் இழுக்கும் லோரி ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

"அக்கா, இது வரைஞ்சதா, தைச்சதா?"

"ரெண்டும்தான் அண்ணே."

அவருடைய மகள் ஆரம்பப் பள்ளி முடித்து, படிவம் ஒன்றுக்கு வெளிமாநிலத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போகிறாளாம். வீட்டைப் பிரிந்து இருப்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒரு போர்வை வேண்டும், அதில் ஒரு படம் இருக்க வேண்டும் என்று கைப்பேசியை நீட்டினார். லோரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர், பக்கத்து இருக்கையில் மகள். இருவரும் ஒரே மாதிரி எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார்கள்.

"இந்தப் படம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா அக்கா. லீவுல என்கூட லோரியில வந்தப்ப எடுத்தது லா."

பெண் அப்பனை உரித்து வைத்திருந்தாள். மூக்கு, சிரிப்பு, நிறம் எல்லாம் அவரேதான். இருவரும் நல்ல கறுப்பு.

தைத்து முடித்துவிட்டுப் பென்சில் பெட்டியைத் திறந்தேன். லோரியை எப்படித் தீட்டினேன் தெரியுமா? அந்த ஆரஞ்சு நிறம் சரியாக வர மூன்று பென்சில்களைக் கலந்தேன். முன்பக்க பம்பரில் இருந்த நெளிவை விடவில்லை, டயரில் ஒட்டியிருந்த செம்மண்ணை விடவில்லை. கண்ணாடியில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையில் பூவுக்குப் பூ நிறம் மாற்றினேன். அண்ணனின் முகத்துக்குக் கரும்பழுப்பு. ஆம்பிளைதானே, கறுப்பாக இருந்தால் என்ன என்று கை தயங்கவே இல்லை.

மகளின் முகத்துக்கு வந்தபோதும் கை தயங்கவில்லை. நாம் எல்லோரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஸ்கின் கலர் என்று சொல்லிப் பழகிய பென்சில் இருக்கிறதே, அதை எடுத்தது. மேலே கொஞ்சம் இளம் பழுப்பைத் தடவி, மாநிறம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். பாவம், புது இடத்துக்குப் போகிற பெண், அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு ஏதோ பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு. மீடியம் பூசினேன், இஸ்திரி போட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை, நானே கறுப்புதான். சின்ன வயதில் வீட்டில் என் பெயரைவிடக் கறுப்பி என்ற பெயர்தான் அதிகம் புழங்கியது. என் கல்யாணப் படத்தில் ஸ்டூடியோக்காரர் என்னைக் கண்டபடி வெளுக்க வைத்துக் கொடுத்தார். அம்மா அதைத்தான் பெரிதாகப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் இதையும் தீட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எப்படிச் செய்தேன் என்று காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பென்சில் பெட்டி, மீடியம் போத்தல், தூரிகை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணனின் மனைவி வடையும் டீயும் வைத்தார். மறுநாள் கிளம்ப வேண்டிய பெட்டி சுவரோரம் திறந்து கிடந்தது. போர்வையை சோபாவில் விரித்தேன்.

"ஐயோ, எவ்ளோ அழகா வெள்ளையா வந்திருக்கா பாருங்க!" என்று அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மகள் குனிந்து, விரலை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தாள்.

"பம்பர் கரெக்ட். மாலை கரெக்ட். அப்பா கரெக்ட்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னை மட்டும் ஏன் ஆன்டி மாத்துனீங்க?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், கொஞ்சமும் கூசாமல் மீடியத்தின் மேல் பழியைப் போட்டேன்.

"அது ஒன்னுமில்லம்மா, மீடியம் பூசினா கலர் கொஞ்சம் வெளுத்துடும். அப்படித்தான்."

"அப்பாவுக்கும் அதே மீடியம்தானே பூசினீங்க?"

அண்ணன்தான் என்னைக் காப்பாற்ற வந்தார்.

"சும்மா இரும்மா. பொம்பளப் பிள்ள, கொஞ்சம் வெளுப்பா இருந்தா நல்லாத்தான் லா இருக்கு."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப உங்க கலர்ல இருந்தா நல்லா இல்லையாப்பா?"

அவர் டீ கிளாஸை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். மகளைப் பற்றி அவராக ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாத ஒன்றை, என் மானத்தை மறைக்க அவர் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுவும் அவள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் இதை எடுத்துட்டுப் போகல" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ரூம்ல எல்லாரும் அப்பா பக்கத்துல யாருன்னு கேப்பாங்க. நான்தான்னு சொன்னா சிரிப்பாங்க."

கெட்டதிலும் ஒரு நல்லது, பென்சிலில் வெளுப்பின் மேல் கறுப்பு ஏறும். நான் செய்த தப்பு நேர்மாறாக இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. "இப்பவே சரி பண்ணிடலாம்மா" என்று பெட்டியைத் திறந்து ஒரு பழுப்புப் பென்சிலை எடுத்து நீட்டினேன். அவள் தன் கையை அப்பாவின் கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பென்சிலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது இல்ல ஆன்டி."

அவ்வளவு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் என் கை ஒரு படி வெளுப்பாகத்தான் எடுத்திருந்தது. வேண்டும் என்று எடுக்கவில்லை, சத்தியமாக. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அவளே பெட்டியில் தேடிக் கரும்பழுப்பை எடுத்தாள். அவள் அப்பாவின் முகத்துக்கு நான் எடுத்த அதே பென்சில். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள், கள்ளம் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இது மட்டும் ஏன் ஆன்டி புதுசு மாதிரியே இருக்கு?"

பெட்டியை நானும் அப்போதுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் பாதியாகத் தேய்ந்திருந்தன. ஸ்கின் கலர் விரல் நுனியால் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாகி, ஓர் ஓரத்தில் உருண்டு கிடந்தது. கரும்பழுப்பு மட்டும் கடையில் வாங்கிய நீளத்தில் இருந்தது. மரத்துக்கும் தலைமுடிக்கும் எப்போதாவது தொட்டதுதான். முகம் என்று எடுத்தது அண்ணனுக்குத்தான் முதல் தடவை. அந்தக் குட்டைப் பென்சிலால் எத்தனை முகம் தீட்டியிருப்பேன்! அக்காள் பேரன், ஆபீஸ் தோழியின் இரட்டைப் பிள்ளைகள், கோயிலில் பழக்கமானவரின் மகள். எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே முகநிறம். எல்லோரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். யாருமே கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அவளே உட்கார்ந்து தீட்டினாள். மீடியம் காய்ந்த இடத்தில் பென்சில் வழுக்கும், அழுத்தித்தான் தேய்க்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். அவள் முடித்த இடத்தில் நான் மீடியம் பூசினேன். அவள் அம்மா தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து பிடித்தார். கடைசியில் மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரி தேய்த்தது அண்ணன். கன்னத்தில் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. என் வேலையில் அப்படி வந்திருந்தால் வெளியே காட்டியிருக்கவே மாட்டேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள், அப்புறம் மடித்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"தேங்க்ஸ் ஆன்டி" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அண்ணன் கார்வரை வந்தார். கதவைத் திறந்து உட்காரப் போன நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீங்க அக்கா. சின்னப் பிள்ள, தெரியாமப் பேசிட்டா. சோரி லா."

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல அண்ணே, விடுங்க" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறவள் மாதிரி. சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். தாமான் குடியிருப்பின் முனை திரும்பும்வரை கண்ணாடியில் அவர் கையை அசைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

அண்ணன் இப்போதும் ஆபீஸுக்கு வருகிறார். மகள் நன்றாகப் படிக்கிறாளாம், லீவுக்கு வரும்போது போர்வையையும் தூக்கிக்கொண்டு வருகிறாளாம். சொல்லிச் சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன்; அதற்குள் அவர் லோரி ஹாரன் அடித்துக் கிளம்பிவிடும். வாயால் சொல்ல வராததை எழுதியாவது வைக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கரும்பழுப்புப் பென்சில் இப்போது பாதியாகிவிட்டது, ஆனாலும் ஒரு முகத்தைத் தீட்ட உட்கார்ந்தால் என் கை முதலில் அந்தக் குட்டைப் பென்சிலைத்தான் தேடுகிறது, ஒவ்வொரு தடவையும் நான்தான் கையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.