நாகஜோதி அக்காவின் விரதம்

என் அக்கா நாகஜோதிக்குக் கோபம் வந்தால் பரவை மார்க்கெட்டே வாயை மூடிக்கொள்ளும். எனக்கும் கோபம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. நாலு கெட்ட வார்த்தை பேசினால் இறங்கிவிடும். அவளுக்கு அப்படி இறங்காது.

அக்கா பரவையில் வெங்காய வியாபாரம் செய்கிறாள். அவளுக்கு லோடு அடிக்கிற குட்டியானை வண்டி என்னுடையது. அக்கா வீட்டுக்காரர் மலையாண்டி மச்சான் சினிமாவில் ஃபைட்டர். மதுரைப் பக்கம் எங்கே படப்பிடிப்பு நடந்தாலும் மாடியிலிருந்து விழுவதற்கு அவரைக் கூப்பிடுவார்கள். 'ஒத்த டேக்' மலையாண்டி என்று பட்டப்பெயர். ஒத்திகையே பார்க்காமல் முதல் தடவையிலேயே விழுந்து காட்டுவாராம். இதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டால், "ஒனக்கென்ன மாப்ள தெரியும்" என்பார்.

அவர்கள் குழுவுக்கு ஒரு வழக்கம். விழுகிற இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள். பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். கற்பூரம் காட்டிய பிறகு ஒத்திகை பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டது மாதிரி. நேரே ஏறிக் குதிக்க வேண்டியதுதான். வீட்டுப் பொம்பளை அன்றைக்குப் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை விரதம் இருக்க வேண்டும்.

கல்யாணமானதிலிருந்து அக்கா அப்படித்தான் கிடந்தாள். அப்படியும் மச்சானுக்குத் தோள் இறங்கியது. பின்னால் ஒரு படத்தில் இடுப்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சண்டை மாஸ்டர் எல்லார் முன்னாலும் அக்காவைக் கேட்டார்: "ஏம்மா, வெரதத்துல எதுவும் கொற வச்சியா?" உள்ளே போனால் மாமியார் ஒச்சாயியும் அதையே கேட்டாள். கட்டிலில் கிடந்த மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று காலை மார்க்கெட்டில் யாரோ நீட்டிய டீயை நினைப்பில்லாமல் ஒரு மடக்குக் குடித்துவிட்டாள் அக்கா. அந்த டீதான் புருஷன் இடுப்பை ஒடித்தது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள். கருப்பன் கோயிலில் போய் விழுந்து கும்பிட்டு அழுதாள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷம் மகள் திவ்யாவுக்குப் பிரசவம் பார்க்க அக்கா ஜப்பான் போனாள். மருமகனுக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறியதும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அக்காவைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே வாள் சண்டைக் காட்சி உண்டு. சீக்கிரமே போய்விட்டதால் ஆட்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கூரையிலிருந்து விழ வேண்டும். முதலில் மணல் மூட்டையைத் தள்ளினார்கள். விழப்போகிறவன் இறங்கி வந்து மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினான். மெத்தையை நகர்த்தி மறுபடி மூட்டையைத் தள்ளினார்கள். மறுபடியும் அவன் வேண்டாம் என்றான். யாரும் அவனை ஏசவில்லை. எல்லாரும் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"கற்பூரம் எப்ப காட்டுவாக?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அதெல்லாம் இல்லம்மா. மூட்டை சரியா விழுந்தாத்தான் ஆளு விழுவாரு," என்றிருக்கிறாள் திவ்யா.

அங்கிருந்தே எனக்குப் போன் வந்தது. பரவையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். எடுத்தவுடனே கத்தினாள்.

"டேய் அசோக்கு! அந்த டீ இல்லடா! மெத்தைடா! மெத்தை தள்ளிக் கெடந்திருக்கு, ஒரு பயலும் பாக்கலடா! என் வயித்தக் காயப்போட்டு, பழியவும் என் தலையில போட்டாய்ங்களேடா!"

சுற்றிலும் ஜப்பான்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

ஊருக்கு வந்ததும் மச்சானிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "அது சப்பான் சாமி, வேற. நம்ம சாமி வேற."

போன வாரம் கீழக்குயில்குடியில் படப்பிடிப்பு. மலையடிவாரத்தில் மாடி வீடு மாதிரி செட்டுப் போட்டிருந்தார்கள். மச்சான் மொட்டைமாடியிலிருந்து விழ வேண்டும். அன்று காலை அக்கா இட்லி அவித்து, நடுவீட்டில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டாள். "பாவி மக திங்கிறாளே!" என்று ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கும் ரெண்டு வைக்கவா அத்தை?" என்றாள் அக்கா. பிறகு பரவைக்கு வந்து, வெங்காய மூட்டைகளோடு என் வண்டியில் ஏறி, "விட்றா கீழக்குயில்குடிக்கு" என்றாள்.

நாங்கள் போனபோது கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. மச்சான் படிக்கட்டருகே நின்றார். அட்டைப்பெட்டிகளை ஒரு சரிவான பாறைமேல் அடுக்கியிருந்தார்கள்.

"மாஸ்டர், மொதல்ல இந்த மூட்டையத் தள்ளிப் பாருங்க," என்றாள் அக்கா.

"கற்பூரம் காட்டியாச்சும்மா. அபசகுனமாப் பேசாத. நேரம் போகுது."

"ஏய், என் மானத்த வாங்காத. போ வீட்டுக்கு," என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

"மானம் போனா சம்பாதிச்சுக்கிருவோம்யா. இடுப்பு போனா எந்தக் கடையில வாங்க? அசோக்கு, தூக்குடா!"

நான் தூக்கினேன். தடுக்க வந்த ரெண்டு பேரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மூச்சுவாங்க மாடிக்கு ஏறி, மச்சான் விழ வேண்டிய இடத்திலிருந்து மூட்டையைத் தள்ளினேன். மூட்டை மெத்தைமேல்தான் விழுந்தது. விழுந்த வேகத்தில் பெட்டிகள் சரிந்தன. மெத்தை வழுக்கியது. மூட்டை பாறையில் மோதிக் கிழிந்து, வெங்காயம் நசுங்கித் தெறித்தது.

மச்சான் நசுங்கின வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி சரி, பெட்டிய அடுக்குங்கப்பா. மலையாண்டி, ஏறு."

மச்சான் நகரவில்லை.

"பயந்துட்டியா? பொம்பள பேச்சக் கேட்டு... டேய் அழகுபாண்டி, நீ ஏறுடா. ஒன் வீட்டுல வெரதம் இருக்காகல்ல?"

அழகுபாண்டி இந்த வேலைக்குப் புதுசு. "இருக்காக மாஸ்டர். ஆத்தா நேத்து ராத்திரியில இருந்தே சாப்பிடல," என்று சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கினான். என் அக்காவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். மாஸ்டரை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் மச்சான் நடந்துபோய், பாறைமேல், நசுங்கின வெங்காயத்துக்கு நடுவிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இப்பக் குதிக்கச் சொல்லுங்க மாஸ்டர்."

"எந்திரிடா! இனி இந்த லைன்ல ஒனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான்!"

"குடுக்க வேணாம். பெட்டிய சமதரையில அடுக்குங்க. மூட்டையத் தள்ளிப் பாருங்க. அது நின்னாத்தான் எந்திரிப்பேன்."

மாஸ்டர் கத்தினார், கும்பிட்டார், கேமராக்காரரிடம் போய் ஏதோ பேசினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் ஆட்கள் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

அழகுபாண்டி பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்தான்.

"ஆத்தா," என்றான். "நீ சோறு தின்னு."