கிடார்மேல் கிடந்த வெள்ளைத் துணி

இது நடந்தது. என் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

போன டிசம்பர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எலியேசர் என்பவரின் வீட்டைக் காலி செய்தார்கள். ராணுவத்தில் பேண்டு வாசித்தவர். இறந்து நாலு மாதம். சாமான்களைச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விற்பதாக அவர் மகள் தேவகிருபை அக்கா வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். வெள்ளி சாயங்காலமே வந்து பார்க்கலாம். பிடித்த பொருள்மேல் துண்டு போட்டுவிட்டுப் போனால் அது உங்களுக்கு. பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற அதே சட்டம்.

போட்டோவில் ஒரு கிடார் இருந்தது. எங்கள் சர்ச் பாட்டுக்குழுவுக்கு அக்சா கிடார் வைத்திருக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கிறவனுக்குத் தினமும் சாயங்காலம் அவள் பக்கத்து நாற்காலி. எனக்கு மூன்று பாட்டு வாசிக்கத் தெரியும். என் நண்பன் ஜெபினுக்கு இரண்டு. அதில் ஒன்று பிறந்தநாள் பாட்டு. ஆனால் அவன் எண்பது ரூபாய்க்குப் பழைய சட்டை வாங்கினாலும் அக்சா "எங்க எடுத்த?" என்று கேட்பாள். என்னிடம் மணி கேட்பாள்.

இந்தத் தடவை விடக்கூடாது. கட்டக் கயிறு, சுற்றப் பழைய பெட்ஷீட், சிவப்புத் துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு, ஜெபினிடம் சொல்லாமல் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

5.40. தேவகிருபை அக்கா அடுப்படியில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். ஹாலில் யாரும் இல்லை. நாற்காலியில் கிடார்.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு துணி.

வெள்ளை பேண்டேஜ் துணி. ஜெபினுடைய அப்பாவுக்கு எங்கள் ஊர் பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை. அங்கே கழித்த துணியில்தான் இவன் முகம் துடைப்பான். முந்திக்கொண்டான்.

அதை எடுத்தேன். ஈரம். இரண்டு முனையும் இறுக்கி முடிச்சுப் போட்டு அவிழ்த்த மாதிரி கசங்கியிருந்தது. பக்கத்திலிருந்த கிரைண்டர்மேல் போட்டேன். ஜெபின் மாவாட்டட்டும். கிடார்மேல் என் துண்டு.

5.46. புத்தக அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கிடார்மேல் வெள்ளைத் துணி. கிரைண்டர்மேல் என் துண்டு. அழகாக, நாலாக மடித்து...

"ஏலே ஜெபின், வெளிய வாலே."

மறுபடி மாற்றினேன். அவனுக்குப் போன் போட்டேன்.

5.49. "எங்கலே இருக்க?"

"ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல. பஸ்ஸே வரல."

அவனுக்குப் பின்னால் கண்டக்டர் குரல். பொய்யில்லை.

டங்...

என் முதுகுக்குப் பின்னால். ஒரே ஒரு கம்பி.

டங்... டங்...

பிறகு ஒரு பாட்டு. மெதுவாக.

போனில் ஜெபினுக்கும் கேட்டது.

"நீயாலே வாசிக்க? எப்பலே இம்புட்டு நல்லா படிச்ச?"

அவன் குரலில் பொறாமை. எங்கள் மூன்று வருஷப் பழக்கத்தில் முதல் தடவை. அந்தப் பயத்திலும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

கம்பிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

என் துண்டு... கிரைண்டர்மேல்.

ஓடினேன்.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "ஏம்ப்பா நிறுத்திட்ட? அப்பா வாசிக்கிற பாட்டுல்லா அது."

சனிக்கிழமை நான் போகவில்லை. ஜெபின் போனான். கிடார்மேல் எந்தத் துணியும் இல்லையாம். வாங்கிவிட்டான். என் துண்டு கிடந்ததால் கிரைண்டரையும் எனக்காக ஏற்றி வந்தான். அம்மாவுக்குச் சந்தோஷம்.

நடந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பொறாமை.

இப்போது அக்சா பக்கத்தில் அவன்தான். பிரமாதமாக வாசிக்கிறான். பாடச் சொன்னால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. தாடை வலிக்கிறதாம். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார்.

போன வாரம் தேவகிருபை அக்காவைப் பஸ்ஸில் பார்த்தேன். இரண்டு முனையும் கசங்கின அந்த பேண்டேஜ் துணி யாருடையது என்று கேட்டேன்.

அக்கா என்னையே பார்த்தார்.

"அது உனக்கு எப்படித் தெரியும்? அப்பா இறந்தப்ப வாய் மூடவே இல்ல. நான்தான் அந்தத் துணியால தாடையச் சேத்து இறுக்கிக் கட்டுனேன். அதோடதான் புதைச்சோம்."